தூக்குவாளியில் பிடித்த வைஃபை

மஞ்சக்குளத்து ஆட்கள் மூன்று பேர் ஒரு கல்யாணத்துக்கு ரயிலேறினார்கள். மாப்பிள்ளையும் அதில் ஒருவன்; மற்ற இருவர் அவன் அப்பாவும் தாய்மாமனும். எந்த ஊரில் இறங்க வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று வண்டி போகிற கடைசி ஊர் வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்தார்கள்.

பெண் வீட்டார் அழைப்பிதழைப் படமாக மாப்பிள்ளை இசக்கிராஜின் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். தொட்டால் அழுக்காகிவிடும் என்று அவன் அதைத் தொடவேயில்லை. ரயிலில் உட்கார்ந்து தொட்டுப் பார்த்தால், படம் மங்கலாகவே நிற்கிறது. நெட் தீர்ந்துபோயிருந்தது. பெண் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கலாம்தான். கல்யாண ஊர் தெரியாத மாப்பிள்ளை என்று பெயராகிவிடுமே. முகூர்த்தமோ மறுநாள் காலை.

தாய்மாமன் சொர்ணபாண்டிக்கு உள்ளூரச் சந்தோஷம். இசக்கிராஜின் காதுகுத்து விருந்தில் அவருக்கு இரண்டாவது வடை வைக்காமல் போனவர் மாப்பிள்ளையின் அப்பா பிச்சைக்கண்ணு. அன்றிலிருந்து மச்சானோடு நேரடிப் பேச்சு கிடையாது. எதுவானாலும் மருமகன் வழியாகத்தான். ஆனாலும் கல்யாணம் நின்றுபோனால், மாலை எடுத்துக் கொடுக்கிற மரியாதையும் போய்விடுமே என்று அவருக்கும் கவலை வந்தது.

பெரிய ஜங்ஷனில் வண்டி நின்றதும் டீ விற்றவர் வழி சொன்னார். பிளாட்பாரத்தில் இலவச வைஃபை உண்டு, வண்டி ஓடினால் கிடைக்காது, போன் நம்பர் போட்டால் ஓடிபி வரும். மூவரும் இறங்கினார்கள்.

யார் நம்பரைப் போடுவது? தாய்மாமன் நிற்கும்போது முதல் மரியாதை வேறு யாருக்கு? சொர்ணபாண்டி துண்டைச் சரிசெய்துகொண்டு தன் நம்பரைச் சொன்னார். அவருடைய பட்டன் போனுக்கு ஓடிபி வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுப் போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க மாமா."

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கு மருமவனே."

"வடையை மனசுல வச்சுக்கிட்டுச் சொல்ல மாட்டேங்கான்," என்றார் பிச்சைக்கண்ணு, தூணைப் பார்த்து.

"வடை வேற, ரகசியம் வேறன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

கடைசியில் அப்பாவும் பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு நிற்க, சொர்ணபாண்டியே மருமகன் போனில் தட்டிவிட்டார். வைஃபை வந்துவிட்டது. இசக்கிராஜ் படத்தைத் தொட்டான். அந்த நேரம் பார்த்து வண்டி ஊதியது.

மஞ்சக்குளத்தார் வழிப்பயணத்துக்கு ஸ்டேஷனில் தண்ணீர் பிடித்து மூடிக்கொண்டு ஏறிப் பழகியவர்கள். அதே மாதிரி, இட்லி தீர்ந்திருந்த தூக்குவாளிக்குள் போனைப் போட்டு, மூடியை அழுத்திக்கொண்டு ஏறிவிட்டார்கள். தளும்பிவிடக் கூடாது என்று சொர்ணபாண்டி அதை ஆடாமல் மடியில் வைத்திருந்தார்.

ஊர் தாண்டியதும் மூடியை லேசாகத் திறந்தார்கள். படம் பளிச்சென்று இருந்தது. கல்யாண மண்டபம், சற்றுமுன் விட்டுவந்த அதே ஜங்ஷனுக்கு எதிரில்.

பிச்சைக்கண்ணு தலையில் கை வைத்துவிட்டார். சொர்ணபாண்டி தூக்குவாளியை மறுபடி மூடினார். பிறகு காதுகுத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அவரைப் பார்த்தே பேசினார்.

"மச்சான், அந்த ஊரு வைஃபை அந்த ஊரு மண்டபத்தைத்தானே காட்டும்? அடுத்த ஸ்டேஷன்ல பிடிச்சுப் பார்ப்போம். அங்க உள்ள மண்டபம் வரும். அப்படியே இறங்கிக் கல்யாணத்தை முடிச்சிருவோம்."

பிச்சைக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. வழிக்குக் கட்டிவந்த பொட்டலத்தைப் பிரித்து, மச்சான் கையில் ஒரு வடையை வைத்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் வைத்தார். பழைய வைஃபை துளிகூட ஒட்டியிருக்கக் கூடாதென்று மாப்பிள்ளை தூக்குவாளியைக் கழுவ எழுந்து போனான்.