கையிலேயே நின்ற பந்து

இந்தக் கதையில் தலை நரைத்தவர்தான் சீடர். குருவுக்கு இன்னும் முப்பது முடியவில்லை.

சீடர் அருளப்பன், மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். குரு நாச்சியார், செல்போன் வீடியோவை வைத்தே சோதனை செய்வது எப்படி என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர வந்த பயிற்சியாளர். பந்தைக் கீழே விடவேண்டும், விழுவதைப் படம்பிடிக்க வேண்டும். பிறகு படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பந்து இருக்கும் இடத்திலெல்லாம் புள்ளி வைக்கவேண்டும். பூமி இழுப்பதால் நொடிக்கு நொடி பந்தின் வேகம் எவ்வளவு கூடுகிறது என்பது கணக்கில் வந்துவிடும். புத்தகத்தில் அதற்கு விடை 9.8.

திங்கட்கிழமை பிளஸ் ஒன் பிள்ளைகள் முன்னால் இதை அருளப்பனே செய்துகாட்ட வேண்டும். இத்தனை வருஷத்தில் அவருடைய ஆய்வகத்தில் ஒரு சோதனைகூட 9.8-ஐ விட்டு நகர்ந்ததில்லை. பட்டப்பேர் வைப்பதற்கென்றே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பயல்கள் முன்னால் இந்தப் போன் மானத்தை வாங்கிவிட்டால்?

ஆனால் பாருங்கள், எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு வந்து நின்றவர் அவர்தான். அட்டவணை அச்சடித்த மாதிரி இருந்தது. விடை 9.8.

நாச்சியார் அதை மேலிருந்து கீழே பார்த்தார். அப்புறம் வீடியோவைக் காட்டச் சொன்னார்.

திரையில் அருளப்பன் நாற்காலி மேல் ஏறினார். பந்தை உயரத் தூக்கிப் பிடித்தார். கேமராவைப் பார்த்துக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்தார். அதோடு படம் நின்றுபோனது. போன் முழுக்க யார் யாரோ அனுப்பிய குட்மார்னிங் படங்கள். மேற்கொண்டு பதிய இடமில்லை.

பந்து அவர் கையிலேயே இருந்தது.

விடையை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அட்டவணையை நிரப்புவது அவர் கைக்குப் பழகிப்போன வேலை. அந்தப் பழக்கத்தில் வீடியோவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை மனிதர். காது வரை சிவந்துவிட்டது.

நாச்சியார் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் சிரித்ததைப் பார்த்து அருளப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குட்மார்னிங்குகளை ஒட்டுமொத்தமாக அழித்துவிட்டு மறுபடி நாற்காலி ஏறினார். இந்த முறை பந்து விழுந்தது, துள்ளியது, உருண்டு பெஞ்சுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. உட்கார்ந்து பொறுமையாகப் புள்ளி வைத்தார்.

வந்தது 10.3. கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அசையவில்லை. பாவம், சிரித்த முகம் சுண்டிப்போனது.

"இதைப் போய்ப் பிள்ளைங்க முன்னால எப்படி மேடம் காட்டுறது?"

"தாராளமாக் காட்டுங்க சார். இதுலதான் பந்து விழுந்திருக்கு."