மூன்றாவது பிரதி

எழுபத்தெட்டாம் வருஷம், சென்னையில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறை. சவரிமுத்துவுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வினோலியா மேடத்துக்கு இருபத்தாறு.

அவர் விவரங்களை அட்டையில் ஓட்டைகளாகப் போடும் பழைய பிரிவிலிருந்து வந்தவர். அட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டையாவது தெரியும், இந்த டிஸ்க்கில் நம் மூஞ்சிதான் தெரிகிறது என்பார்.

அன்று காலை அந்த மூஞ்சி வெளிறிப்போயிருந்தது.

அபூர்வ வகை ரத்தம் கொடுக்கிறவர்கள் மூவாயிரம் பேரின் விலாசம் டிஸ்க்கில் இருந்தது. மொத்தம் மூன்று பிரதிகள். அதே விலாசங்கள் இருந்த பழைய அட்டைகளை அவரே காகிதக் கூழுக்கு அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை ஏழு பிள்ளைகளுக்கு அந்த ரத்தம் ஏற்றியாக வேண்டும்.

முதல் பிரதியை மெஷினில் மாட்டியதும் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி சத்தம். மெஷின்தான் கோளாறு என்று பதறி, அந்தப் பிரதியையே இரண்டாவது மெஷினில் மாட்டினார். அங்கேயும் அதே சத்தம். அப்படியானால் டிஸ்க்தான் கோளாறு என்று, இரண்டாம் பிரதியை எடுத்து முதல் மெஷினில் மாட்டினார். மறுபடி அந்தச் சத்தம்.

மேடம் வந்தபோது மூன்றாவது பிரதி அவர் கையில் இருந்தது. இரண்டாவது மெஷினின் மூடி திறந்திருந்தது.

"என்ன செய்யப் போறீங்க, சார்?"

"இதாவது நல்லா இருக்கான்னு பார்த்துடறேன், மேடம்."

மேடம் திட்டவில்லை. கெட்டுப்போன இரண்டு டிஸ்க்குகளையும் விரலால் தடவச் சொன்னார். இரண்டிலும் வட்டமாக ஒரே கீறல். விரலில் கறுப்புத் தூள் ஒட்டியது.

"மெஷின்ல படிக்கிற முனை டிஸ்க்கைத் தொடாம மேலே மிதக்கணும். முதல் டிஸ்க்குல ஏதோ தூசி விழுந்து முதல் மெஷின் முனையை உடைச்சிருக்கு. கீறல் விழுந்த அந்த டிஸ்க்கை மாட்டினதும் ரெண்டாவது மெஷின் முனையும் உடைஞ்சிருக்கு. ரெண்டாவது டிஸ்க் நல்லாத்தானே இருந்தது. அதை எது கீறுச்சு?"

அவர் உடைந்த முனையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

பம்பாயிலிருந்து புது முனை வியாழக்கிழமைதான் வரும், அதுவரை எதையும் எதிலும் மாட்டக் கூடாது என்றார் மேடம்.

"அதுவரைக்கும் இதுல பேரெல்லாம் இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

அவர் பார்வை திறந்திருந்த மூடிக்கே போயிற்று. மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் கதையைச் சொன்னார். தன் பிள்ளை பிறந்த புதிதில், அது அசையாமல் தூங்கினால் மூச்சு இருக்கிறதா என்று உலுக்கி உலுக்கி எழுப்புவாராம். வீறிட்டு அழுதால்தான் நிம்மதியாம். நீ பார்க்கிற பார்வையிலேயே அது தூக்கமில்லாமல் போய்ச் சேரும் என்றாராம் மாமியார்.

"அப்புறம் அந்தப் பயத்தை எப்படி மேடம் விட்டீங்க?"

"விடலை, சார். கையைக் கட்டிக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருந்தேன்."