அம்மா வாசித்த புத்தகம்

பொதிகை அடிவாரத்தில் ஒரு சின்ன கிறிஸ்தவ ஆசிரமம். அதை நடத்துகிறவர் சுகிர்தம் அக்கா. வயது நாற்பத்தைந்துதான். ஆனாலும் எழுபது வயதுக்காரர்கூட அங்கே வந்தால் அக்கா என்றுதான் கூப்பிடுவார். வாயில் தானாக அப்படி வந்துவிடும்.

மாசிலாமணி வாத்தியாருக்கும் அப்படித்தான் வந்தது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அக்காவிடம் சீடராக வந்து சேர்ந்தவர். கொண்டுவந்தது ஒரு துணிப்பையும், அதற்குள் ஒரு பழைய பக்தி நூலும். அம்மா வைத்திருந்த நூல். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாத்தியாருக்கு மனப்பாடம். கேட்காதவர்களுக்கும் ஒப்பித்துக் காட்டுவார். பாவம், ஆசிரமத்துக்காரர்கள்!

அன்று காலை அக்கா சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வாத்தியார் வந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"அக்கா, ஒரு கேள்வி."

"உக்காந்து கேளுங்க அண்ணாச்சி. இந்தக் கொத்தைப் பிடிங்க."

உட்கார்ந்தார். கீரையை உருவாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒரே வீடு, ஒரே அம்மா. குடும்ப ஜெபத்துல அம்மா இந்தப் புத்தகத்தை ரெண்டு பிள்ளைகளுக்கும்தான் வாசிச்சாங்க. எனக்குள்ள அது அப்படியே நின்னுட்டு. என் தங்கச்சிகிட்ட மட்டும் ஏன் ஒட்டவே இல்ல?"

தங்கச்சி பெயர் ஞானசுந்தரி. கல்யாணமான பிறகு வேறு சபைக்குப் போனாள். ஆற்றில் முங்கி மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா தூக்கிக்கொண்டு போய் வாங்கித்தந்த ஞானஸ்நானம் ஒன்றுமே இல்லை என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னாள். அம்மா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை அப்போது. வாத்தியாருக்கு அது தாங்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. ஏழு வருஷமாகிறது.

"இப்ப என்ன வந்துச்சு அண்ணாச்சி?"

"திங்கக்கிழமை அவ மகளுக்குக் கல்யாணம். அப்பா இல்லாத பிள்ளை. தாய்மாமன் நான் வந்து கைபிடிச்சுக் கொடுக்கணுமாம்."

"போறீங்களா?"

"எப்படி அக்கா போக? மனசெல்லாம் கசப்பு. கசப்போட கர்த்தருடைய பந்திக்கே போகாதேன்னு இந்தப் புத்தகத்துல இருக்கு. ஏழு வருஷமா நான் நற்கருணை எடுக்கல, தெரியுமா? முதல் ஞாயிறு வந்தா எல்லாரும் எழுந்து அப்பமும் திராட்சரசமும் வாங்கப் பீடத்துக்குப் போவாங்க. நான் பெஞ்சுலயே இருப்பேன். அவ்வளவு சுத்தமா கடைப்பிடிக்கேன்."

சொல்லும்போது அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

அக்காவின் கை நின்றது. "புத்தகம் உங்களைக் கசப்பை விடச் சொல்லுச்சா, பந்தியை விடச் சொல்லுச்சா?"

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. ஆனால் வாத்தியார் அல்லவா, அவ்வளவு லேசில் தோற்பாரா?

"அவகிட்ட இதுல ஒரு வரி கேட்டுப் பாருங்க அக்கா. ஒரே ஒரு வரி! சொல்ல மாட்டா. அம்மா வாசிக்க ஆரம்பிச்சதும் மடியில தலையை வச்சுத் தூங்கிருவா. நான் கிள்ளி எழுப்புவேன். 'விடுடே, பிள்ளை தூங்கட்டும்'னு அம்மா என்னைத்தான் வைவாங்க. அவ தலையைத் தடவிக்கிட்டே மிச்சத்தை வாசிப்பாங்க."

கடைசியில் குரல் இறங்கிவிட்டது. அம்மாவின் விரல் தங்கச்சியின் தலைமுடிக்குள் போய் வருவது அவருக்குக் கண்ணில் தெரிந்தது. தெருவில் பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார்.

"தங்கச்சி நேர்ல வந்து கூப்பிட்டாங்களா?"

"நேத்து போன் பண்ணினா. நான் பேசல. சும்மா காதுல வச்சிருந்தேன்."

"என்ன சொன்னாங்க?"

வாத்தியார் கீரைக் கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"'அண்ணே, அம்மா கொடுத்ததை ஒண்ணுமில்லன்னு சொன்னது என் தப்புதான், என்னை மன்னிச்சிரு'ன்னா. 'என்னை ஏசணும்னா கல்யாண மண்டபத்துலயே வச்சு ஏசு. ஆனா வந்து ஏசு'ன்னா."

"நீங்க?"

"வச்சிட்டேன்."

அக்கா ஒரு கொத்தை முழுசாக உருவி முடித்தார். பிறகு கேட்டார்.

"அம்மா அடிக்கடி வாசிச்ச பக்கம் எது அண்ணாச்சி?"

இதற்கா யோசிக்க வேண்டும்? புத்தகத்தைத் திறக்காமலே, கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கணீரென்று ஆரம்பித்தார் வாத்தியார்.

"பிழை யாருடையது என்று எடைபோட்டுக்கொண்டு வாசலில் நில்லாதே. நீ முந்திக்கொண்டு போ. உன் சகோதரன் வாய் திறக்குமுன் நீயே மன்னிப்புக் கேள். அவன் உன்னை ஏசினாலும்..."

அதற்கு மேல் வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தடுமாறாத வரி. உதடு மட்டும் அசைந்தது. கண்ணைத் திறந்தபோது அக்கா மங்கலாகத் தெரிந்தார்.

அக்கா அவர் கையிலிருந்த கொத்தை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"அந்தப் பிள்ளை தூங்கிக்கிட்டே கேட்டிருக்கு, அண்ணாச்சி."