சுவரைப் பார்த்துப் பரிமாறியவர்கள்

"வளர்ந்ததுதான் நான் செஞ்ச தப்புங்களா, அம்மா?"

கோயம்புத்தூர் கிரைண்டர் கம்பெனி முதலாளி நாச்சிமுத்து இப்படிக் கேட்டபோது, மலையடிவார மடத்துப் பூரணியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மா நாச்சிமுத்துவைவிட வயதில் இளையவர்தான். ஞானம் என்ன, வயசு பார்த்தா வருகிறது?

"விவரமாச் சொல்லுங்க."

"ஒரே பட்டறையா இருந்தப்ப நானும் தம்பி மூர்த்தியும் ஒரே தட்டுல சாப்பிட்டோமுங்க. இப்ப மூணு பட்டறை. என்னுது ஒண்ணு, அவனுது ஒண்ணு, சர்வீஸுக்கு ஒண்ணு. ஒருத்தன் செய்யறது இன்னொருத்தனுக்குத் தெரியலை. போன மாசம் மோட்டார் இல்லைன்னு ஒரு லோடு நின்னுபோச்சு. நான் அவனைப் பேச, அவன் என்னைப் பேச... வெள்ளிக்கிழமை பாகம் பிரிக்கப் பெரியவங்க வர்றாங்க."

சொல்லிக்கொண்டே தோள்துண்டை முறுக்கினார். கூடப் பிறந்தவன் இல்லையா?

"வாங்கறது, செய்யறது, விக்கறது எல்லாத்தையும் ஒண்ணாக் காட்டற சாஃப்ட்வேர் இருக்குதாமே?" என்று கேட்டார் அம்மா.

"போட்டாச்சுங்க. தங்கமான சாமான். எல்லாம் ஒரே எடத்துல தெரியும்."

"யாருக்கு?"

"எனக்குங்க. உக்காந்து பார்க்கத்தான் நேரமில்லை. மத்தவங்களுக்கு அவங்கவங்க பக்கம் மட்டும்."

"தம்பிக்கு?"

"அவன் பட்டறை மட்டுந்தானுங்க. எல்லாரும் எல்லாத்தையும் பார்த்துட்டா அப்புறம்..."



அம்மா கீரையை நகர்த்திவைத்துவிட்டு எழுந்தார்.

"பந்திக்கு நேரமாச்சு. வாங்க, இன்னிக்கு நீங்கதான் மேற்பார்வை."

கூடத்தில் இலை போட்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். பரிமாற மூன்று பேர். ஒருவரிடம் சோறு, ஒருவரிடம் சாம்பார், ஒருவரிடம் ரசம். அம்மா அவர்களைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்.

"ஐயா கூப்பிட்டாத் திரும்புங்க. சொன்ன இலைக்குப் போட்டுட்டு மறுபடி சுவரைப் பாருங்க."

நாச்சிமுத்து ஆரம்பித்தார். "நாலாவது இலைக்குச் சோறு. கடைசி இலைக்கு ரசம். அட, அங்க இல்லீங்க, இங்க."

ஓர் இலையில் சோறே இல்லாமல் ரசம் ஓடியது. ஒரு கிழவர் வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டு இவர் முகத்தையே பார்த்தார். மனுஷருக்கு வியர்த்துக் கொட்டியது. கத்திக் கத்தித் தொண்டையும் கட்டிக்கொண்டது.

"இதென்ன கூத்துங்கம்மா? இவங்க திரும்பி இலையைப் பார்த்தாப் போதும், யாருக்கு என்ன வேணும்னு அவங்களே போட்டுருவாங்களே."

"போட்டுருவாங்க" என்றார் அம்மா. "அப்புறம் உங்களைத் தேட மாட்டாங்க. பரவாயில்லையா?"

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. கிழவர் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்புங்கப்பா" என்றார் மெதுவாக.

அவ்வளவுதான். வாளிகள் தாமாக நகர்ந்தன. கிழவருக்குச் சாம்பார் வந்தது. யாரும் நாச்சிமுத்துவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

வாசலுக்குப் போய் முதலில் சாஃப்ட்வேர்காரருக்குப் போன் போட்டுப் பேசினார். பிறகு தம்பிக்கு.

"மூர்த்தி, எல்லாப் பக்கத்தையும் உனக்கும் தெறந்துவிடச் சொல்லிட்டேன். பாரு."

மறுமுனையில் மூர்த்தி கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அண்ணா, சர்வீஸ் பட்டறையில போன மாசமே இத்தனை மோட்டார் சும்மா கெடந்துருக்குது. இது தெரியாமயா நாம அடிச்சுக்கிட்டோம்?"

நாச்சிமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை பெரியவங்க வர்றாங்களேடா."

"வரட்டும். சாப்பிட்டுட்டுப் போகட்டும்."