ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு தோல்

ஏசுபாதம் ஐம்பது வயதில் சீடரானார். குருவுக்கு முப்பத்து நான்கு வயது.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் போதும், செம்மறியா வெள்ளாடா, மாடா எருமையா என்று சொல்லிவிடுவார். முதுகுப் பக்கத்துத் தோலா வயிற்றுப் பக்கத்துத் தோலா என்பதையும் சொல்வார். கம்பெனியை மூடியபோது அந்தக் கை மட்டும்தான் அவரிடம் மிச்சமிருந்தது. அதோடு சென்னைக்கு வந்து, பெரியமேட்டில் ஜைனபிடம் வேலை கற்கச் சேர்ந்தார்.

ஜைனப், பைக் ஓட்டுகிறவர்களுக்கு அளவெடுத்துத் தோல் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். தெருவில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். ஏசுபாதமும் அப்படியே கூப்பிட்டார். ஜைனப் அவரை அண்ணா என்றார்.

சேர்ந்த சில நாட்களில் ஏசுபாதம் கேட்டார்.

"மாஸ்டர், ஒரு தோலைக் குடுத்தா அது என்ன தோல்னு சொல்லிடுவேன். ஒரு ஆளுக்கு எந்தத் தோல் சரின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஜைனப் மேஜையில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அடுத்து வர்றவர் உங்க ஆளு. அளவு எடுக்கிறதுல இருந்து வெட்டுற வரைக்கும் நீங்கதான்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க மாஸ்டர்."

"சொல்லிட்டேனே."

ஏசுபாதத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்து வந்தவர் பெயர் சபரிநாதன். நாற்பது வயது இருக்கும். இடது தோள் வலது தோளைவிடச் சற்று இறங்கியிருந்தது. ஏசுபாதம் அளவு நாடாவை வைத்துவிட்டு அந்தத் தோளையே பார்த்தார்.

"உடைஞ்சு சேர்ந்த எலும்பு," என்று சபரிநாதனே சொன்னார். "ரெண்டு வருஷம் ஆச்சு. திண்டிவனம் தாண்டி ஒரு திருப்பத்துல வண்டி சறுக்கிடுச்சு. அதுக்கப்புறம் இப்பத்தான் திரும்ப எடுக்கப் போறேன்."

"எதுவரைக்கும் சார்?"

"இமயமலை வரைக்கும். தனியா."

"எந்த மாதிரித் தோல் நினைச்சிருக்கீங்க?"

"போட்டதே தெரியக் கூடாது. அவ்வளவுதான்."

ஏசுபாதம் செம்மறித் தோலை எடுத்துப் போட்டார். கறுப்பு. மேஜையில் அது துணி போல மடிந்து விழுந்தது. சபரிநாதன் அதைக் கையில் அள்ளிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுதான்."

"மெத்துனு இருக்கும் சார். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். கீழ விழுந்து தார்ல உரசினா சீக்கிரம் கிழிஞ்சிடும்."

"விழறதுக்கா ஜாக்கெட் தைக்கிறேன்?"

அவர் சிரித்தார். ஏசுபாதமும் சிரித்து வைத்தார். அளவு முடிந்தது.

இவருக்குச் செம்மறி. எளிதாக முடிந்துவிட்டது என்று நினைத்தார் ஏசுபாதம்.

மறுநாள் மதியம் ஒரு பெண் வந்தார். கதவைத் திறந்தவர் உள்ளே வராமல், கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று முதலில் பார்த்தார்.

"நேத்து சபரிநாதன்னு ஒருத்தர் வந்தாரா? நான் அவர் வீட்டுக்காரி. கோமளா."

"வாங்கம்மா."

"நான் வந்தது அவருக்குத் தெரியக் கூடாது."

ஏசுபாதம் தலையாட்டினார்.

"என்ன தோல் சொல்லிட்டுப் போனாரு?"

அவர் செம்மறியைக் காட்டினார். கோமளா அதை ஒரு விரலால் தொட்டார். உடனே விரலை எடுத்துக்கொண்டார்.

"இது வேணாம். உங்ககிட்ட இருக்கிறதிலேயே தடிப்பானதுல தைங்க."

ஏசுபாதம் மாட்டுத் தோல் சுருளை இறக்கி விரித்தார். கோமளா ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இதைவிடக் கனமா?"

"எருமை இருக்கும்மா. ஆனா அதுல தைச்சா கையை மடக்க முடியாது. இதுவே வெயில்ல வேகும்."

"வேகட்டும்."

"கழட்டி வீட்டுல போட்டுடுவாரு."

"வண்டியையும் சேர்த்துப் போட்டுடுவார் இல்ல?"

ஏசுபாதம் அவரைப் பார்த்தார்.

"அம்மா, சார் விழுந்தா அடிபடக் கூடாதுன்னு கேக்குறீங்களா? இல்ல, போகவே கூடாதுன்னு கேக்குறீங்களா?"

கோமளா தூக்கிப் பிடித்திருந்த மூலையைக் கீழே விட்டார். "ரெண்டும்தான். தைங்க," என்றார். வாசலில் நின்று மறுபடி சொன்னார். "அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

அன்று முழுக்க மேஜையில் இரண்டு தோலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஏசுபாதம் ஒன்றைத் தொடுவார், மற்றதைத் தொடுவார். கைக்கு எல்லாம் தெரிந்தது. எதை வெட்டுவது என்பது மட்டும் தெரியவில்லை. சாயங்காலம் நடந்ததை எல்லாம் ஜைனபிடம் சொன்னார்.

"போடப்போறவர் அவர். பயப்படுறவங்க அந்தம்மா. நான் யார் பேச்சைக் கேக்கணும் மாஸ்டர்?"

"உங்க ஆளுண்ணா. நீங்கதான் சொல்லணும்."

ஏசுபாதத்துக்குக் கோபம் வந்தது. கற்றுக்கொடுக்கத் தெரியாதவரிடம் வந்து சேர்ந்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது.

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளாடு. முதுகுப் பக்கத்துத் தோலாகப் பார்த்து எடுத்தால் செம்மறியைவிடக் கெட்டி, மாட்டைவிட இலேசு. மாதிரிக்கு ஜாக்கெட்டின் ஒரு கை மட்டும் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஜைனப் அதைத் தன் கையில் மாட்டி, மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"நல்ல தோல். நல்லாவும் தைச்சிருக்கீங்க. இது யார் கேட்டது?"

"யாரும் கேக்கல."

"அப்ப யாருக்கு?"

ஏசுபாதம் கையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் சந்தோஷமாக வந்தார்.

"பிடிச்சிட்டேன் மாஸ்டர். மேல செம்மறி. உள்ளே லைனிங்குக்குக் கீழ தோள்லயும் முழங்கையிலயும் மாட்டுத் தோல். வெளியில ஒண்ணுமே தெரியாது."

"செய்யலாமே. நல்ல வேலைதான் அது," என்றார் ஜைனப். "சார்கிட்ட என்ன தோல்னு சொல்லுவீங்க?"

"செம்மறின்னு."

"அந்தம்மாகிட்ட?"

"மாட்டுத் தோல்னு."

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்காங்கண்ணா."

ஏசுபாதம் உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தலை சுத்துது மாஸ்டர். எனக்கு இது வராது. விட்டுடுறேன்."

ஜைனப் ஃபோனை எடுத்துச் சபரிநாதனைக் கூப்பிட்டார். "சார், துணியில மாதிரி தைச்சு வச்சிருக்கோம். வந்து போட்டுப் பாருங்க. வீட்டுல அவங்களையும் கூட்டிட்டு வாங்க," என்றார்.

சனிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். கோமளா கடையை முதல்முறை பார்க்கிறவர் போலச் சுற்றிலும் பார்த்தார். ஏசுபாதம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சபரிநாதனுக்குக் காடாத்துணி ஜாக்கெட்டை மாட்டி, இறங்கிய தோளில் ஊசி குத்தி அளவைச் சரிசெய்தார்.

ஜைனப் இரண்டு தோலையும் கொண்டுவந்து மேஜையில் போட்டார்.

"சார் கேட்டது இது. மேடம் கேட்டது இது."

ஏசுபாதத்தின் கையில் ஊசி அப்படியே நின்றது.

"நீ எப்ப இங்க வந்தே?" என்றார் சபரிநாதன்.

கோமளா ஏசுபாதத்தைத்தான் பார்த்தார். ஜைனபைப் பார்க்கவில்லை.

"அண்ணா, வாங்க. டீ குடிச்சிட்டு வரலாம்," என்றார் ஜைனப்.

எதிர்ச் சாரியில் டீக்கடை. குறுகலான தெரு. ஜைனபின் கடையின் கண்ணாடிக் கதவு வழியே உள்ளே இருக்கும் இரண்டு பேரும் தெரிந்தார்கள். பேச்சு கேட்கவில்லை.

"சொல்லாதீங்கன்னு சொன்னாங்க மாஸ்டர். நம்பிச் சொன்னாங்க."

"ஆமா."

"நீங்க பண்ணது தப்பு."

"இருக்கலாம்."

"சரின்னு நினைச்சுப் பண்ணீங்களா?"

"தெரியலண்ணா."

ஜைனபின் டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. அவருக்கும் பயமாக இருக்கிறது என்பதை ஏசுபாதம் அப்போதுதான் கவனித்தார்.

உள்ளே சபரிநாதன் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கோமளா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் வலது கையின் சட்டைத் துணியை மணிக்கட்டிலிருந்து மேலே மேலே சுருட்டினார். சுருட்டிவிட்டு, கையை மேஜைமேல், அந்த இரண்டு தோலுக்கும் நடுவில் வைத்தார்.

ஏசுபாதம் டம்ளரைக் கீழே வைத்தார். வாழ்நாள் முழுக்கத் தோலைப் பார்த்த கண். தெருவைத் தாண்டியும் அவருக்குத் தெரிந்தது. முழங்கை வரைக்கும் வேறு நிறம், வேறு மினுக்கம். உடம்பில் வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டிய தோல்.

"அந்தம்மாவும் வண்டியில இருந்திருக்காங்க மாஸ்டர்."

"ம்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுண்ணா."

சபரிநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோமளா கையை எடுக்கவில்லை. கடைசியில் சபரிநாதன் திரும்பி, அந்தக் கையைப் பார்த்தார். தொடுவதற்கு அல்ல, பார்ப்பதற்குத்தான் அவர் தயங்கினார் என்று ஏசுபாதத்துக்குத் தோன்றியது.

இருவரும் வெளியே வந்தபோது காடாத்துணி ஜாக்கெட் மேஜையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"அப்புறம் சொல்றோம்," என்றார் சபரிநாதன்.

இருவரும் தெருமுனை வரை பேசாமல் போனார்கள். பக்கத்தில் பக்கத்தில்கூட நடக்கவில்லை.

ஏசுபாதம் செம்மறியை அதன் இடத்தில் வைத்தார். மாட்டுத் தோலைச் சுருட்டி மேலே ஏற்றினார். அன்றும், அதற்கு அடுத்த நாட்களிலும் ஜைனபோடு அதிகம் பேசவில்லை. ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டோம் என்ற நினைப்பு அவரை விடவில்லை. ஒருநாள் தாங்காமல் கேட்டும் விட்டார்.

"நான் சொன்ன மாதிரி உள்ளே மறைச்சுத் தைச்சுக் குடுத்திருந்தா, அவர் பாட்டுக்குப் போயிருப்பாரு. அந்தம்மாவும் நிம்மதியா இருந்திருப்பாங்க. இல்லையா மாஸ்டர்?"

"இருந்திருப்பாங்கண்ணா," என்றார் ஜைனப்.

மழைக்காலம் முடிந்த பிறகு, ஒருநாள் காலையில் கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் சபரிநாதன் உள்ளே வந்தார். "அவ வந்துடட்டும்," என்று சொல்லி உட்கார்ந்தார். பத்து நிமிடம் கழித்துக் கோமளா வியர்த்து விறுவிறுத்து வந்தார்.

"இவர் வண்டியில, நான் பஸ்ல," என்றார் ஏசுபாதத்திடம். "இன்னும் பின்னாடி ஏறுறதுக்குத் தைரியம் வரல. வருமான்னும் தெரியல."

ஏசுபாதம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அன்னைக்கு வீடு போய்ச் சேர்ற வரைக்கும் மனசுக்குள்ள உங்களைத் திட்டிக்கிட்டே போனேன்."

"அம்மா, நான் சொல்லலம்மா."

"யார் சொன்னா என்ன." கோமளா தண்ணீரைக் குடித்து முடித்தார்.

சபரிநாதன் தரையைப் பார்த்தபடி பேசினார். "வண்டி சறுக்கிடுச்சுன்னு உங்ககிட்டச் சொன்னேன். நாங்க ரெண்டு பேரும் விழுந்தோம்னு சொல்லல. யார்கிட்டயும் சொன்னதில்ல. இவகிட்டயே பேசினதில்ல."

"இமயமலைக்குப் போறீங்களா சார்?" என்று ஏசுபாதம் மெல்லக் கேட்டார்.

"போறேன். இவ போகச் சொல்லிட்டா. ஜாக்கெட்டை மாட்டுத் தோல்லயே தைச்சிடுங்க. கனமா இருந்தாப் பரவாயில்ல."

"அதெல்லாம் வேணாம்," என்றார் கோமளா. "வேர்த்து ஊத்தி அதிலேயே மயக்கம் வந்துடும். அவர் முதல்ல ஆசைப்பட்டாரே, அதுலயே தைங்க."

"நீதானே தடிப்பாக் கேட்டே?"

"நீங்கதானே போட்டதே தெரியக் கூடாதுன்னு கேட்டீங்க?"

இருவரும் ஏசுபாதத்தைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து உள்ளே போனார். ஜைனப் பின்கட்டில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், முன்னாடி எது யாரோடதுன்னாவது தெரிஞ்சுது. இப்ப அவர் இவங்களோடதைக் கேக்குறாரு. இவங்க அவரோடதைக் கேக்குறாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. நான் போய் என்ன சொல்லட்டும்?"

ஜைனப் நூலை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"அன்னைக்கு ரெண்டு பேரும் பேசாம வச்சிருந்ததைத்தான் தோல்னு சொல்லிக் கேட்டாங்க. இன்னைக்குத்தாண்ணா அவங்க தோலைப் பத்திக் கேக்குறாங்க. போங்க, உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க."