முதல் இலை

"நாளைக்கு முதல் இலை நம்ம பர்மாத் தங்கச்சிக்குத்தான். எங்க அப்பச்சி சாகிற வரைக்கும் தேடுன அம்மாவோட ஊருக்காரவுக."

சமையல்கட்டுக்குப் பின்னால் வாழை இலைக்காரரிடம் பழனியப்பன் சொல்லிக்கொண்டிருந்தார். கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த மெம்சாவின் காதில் அது விழுந்தது. நுரை வழிய, கை அப்படியே நின்றுவிட்டது.

காரைக்குடியிலிருந்து சற்றுத் தள்ளி, செம்மண் பாதை முடிகிற இடத்தில் இருந்தது அந்தத் தியான மடம். மெம்சா மணிப்பூர்க்காரி. இம்பாலில் பார்த்த பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, தையல்நாயகி அம்மையிடம் சிஷ்யையாக வந்து சேர்ந்தவள். குருவைவிடச் சிஷ்யை சில மாதங்கள் மூத்தவள். "பெரியவங்க சொன்னா சரி" என்று அம்மை அவளைக் கேலி செய்வதுண்டு.

ஊர் மாற்றிச் சொல்லப்படுவது மெம்சாவுக்குப் பழகிப்போன ஒன்று. பஸ்ஸில் "நேபாளமா?" என்பார்கள். சந்தையில் "சைனாவா?" என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே, "இல்லைங்க, மணிப்பூர். நானும் இந்தியாதான்" என்பாள். ஒரு காய்கறிக்காரம்மா, "அய்யோ, தெரியாமக் கேட்டுட்டேனே ஆத்தா" என்று கொத்துமல்லியைக் கொசுறாகப் போட்டதும் உண்டு.

பழனியப்பனிடம் மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை.

கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, மடத்துச் சமையலைச் சேவையாகப் பார்க்கிறவர் அவர். அவர் அப்பச்சி என்று சொல்லும் அவருடைய அப்பா, சிறுவனாக இருந்தபோது, யுத்த காலத்தில் பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து ஊர் திரும்பியவர். வழியில் காய்ச்சலில் சுருண்டு விழுந்தவரை ஒரு பர்மாக்காரப் பெண் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போய், கஞ்சி ஊற்றிப் பிழைக்கவைத்தாள். சாகும்வரை அவளைத் தேடினார்; பெயர்கூட அவருக்குத் தெரியாது.

மெம்சா மடத்துக்கு வந்த அன்று, பழனியப்பன் அவள் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். அப்போது அவளுக்குத் தமிழ் தெரியாது. மரியாதைக்குத் தலையாட்டிவைத்தாள். அவர் கண் கலங்கிப்போனது. அன்றிலிருந்து அவளுக்கென்று காரம் குறைத்த குழம்பு. அவள் காய்ச்சலில் கிடந்தபோது வேளை தவறாமல் கஞ்சி. தமிழ் படிந்து, அவர் கேட்டது பர்மாவிலிருந்து வந்தவளா என்பதுதான் என்று விளங்கியபோது, நெடுநாள் ஆகியிருந்தது. இனி எப்படிச் சொல்வது என்று கூச்சம் வந்துவிட்டது.

நாளை அவருடைய அப்பாவின் திதி. மடத்தில் அன்னதானம். மெம்சாவை முதல் இலையில் உட்காரவைத்து, அந்தப் பர்மாக்காரம்மாவுக்குச் சேரவேண்டிய புடவையை அவளுக்குக் கொடுக்கப்போகிறார்.

மெம்சா ஈரக் கையோடு அம்மையிடம் போனாள். அம்மை மர நிழலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மை, ஒருவர் நம்மை வேறு யாரோ என்று நினைத்து அன்பு காட்டினால், அதை வாங்கிக்கொள்ளலாமா?"

"எவ்வளவு நாளா வாங்குற?"

"வந்த நாளிலிருந்து."

"ருசியா இருக்கா?"

மெம்சாவுக்கு அழுகை வந்துவிட்டது. "ரொம்ப. அதனால்தான் பயமாக இருக்கிறது. நாளைக்கு அண்ணன் கும்பிடப்போவது என்னை இல்லை. சொன்னால் அவர் மனசு உடைந்துபோகும். சொல்லாமல் எப்படி அந்த இலையில் உட்காருவேன்?"

அம்மை சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார். "அண்ணே! மெம்சாவுக்கு ஒரு கடுங்காப்பி."

காப்பி வந்தது. அம்மை கையை நீட்டி வாங்கி, பழனியப்பன் எதிரிலேயே குடித்து முடித்தார்.

"அம்மை, அது தங்கச்சிக்கு! அவுகளுக்குன்னு சீனிகூடப் போடலையே!"

"தெரியும்ணே. நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்காமில்ல!" வெறும் டம்ளரை வாங்கிக்கொண்டு, முணுமுணுத்தபடியே அவர் உள்ளே போனார்.

மெம்சா காத்திருந்தாள். அம்மை கீரையை விட்டுத் தலை நிமிரவில்லை.

சற்று நேரத்தில் பழனியப்பன் இன்னொரு டம்ளரோடு வந்தார். இந்தத் தடவை நேராக மெம்சாவின் கையில் கொடுத்தார். அம்மையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

"நான் குடிச்சது அவருக்குத் தெரியாம இருந்திருந்தா?" என்றார் அம்மை.

மெம்சா கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"எனக்கென்று இது வந்திருக்காது."

"ஆறிடப்போகுது. குடி."

சாயங்காலம் மெம்சா சமையல்கட்டு வாசலில் போய் நின்றாள். பழனியப்பன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் பர்மா இல்லை."

"என்ன தங்கச்சி?"

"மணிப்பூர். முதல் நாள் நீங்கள் கேட்டது புரியாமல் தலையாட்டிவிட்டேன். புரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தது என் தப்பு. அந்த அம்மாவுக்குச் சேரவேண்டிய சோற்றை நான் சாப்பிட்டுவிட்டேன்." "வீட்டை விட்டு வந்தபிறகு என்னை யாரும் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை அண்ணே. அதற்கு நன்றி சொல்லவும்தான் வந்தேன்."

துருவிக்கொண்டிருந்த கை நின்றது.

"காய்ச்சல்ல கஞ்சி குடிச்சியே, அப்பவும் மணிப்பூர்தானா?"

"அப்பவும் மணிப்பூர்தான்."

"அட."

அவர் மறுபடி துருவ ஆரம்பித்தார். மூடியில் பூ தீர்ந்து, ஓடு சுரண்டுகிற சத்தம் கேட்ட பிறகும் நிறுத்தவில்லை. மெம்சா போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றாள்.

"அந்தம்மா எங்க அப்பச்சிய எந்த ஊருன்னு கேக்கவே இல்லையாம்" என்றார் கடைசியில். அவளைப் பார்க்காமல், அடுத்த தேங்காயை எடுத்து உடைத்தார்.

மறுநாள் பந்தி நிறைந்திருந்தது. மெம்சா கடைசி வரிசையில், தூண் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். பழனியப்பன் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை இலைகளையும் தாண்டி அவளிடம் வந்தார்.

"எந்திரி தங்கச்சி. உன் இடம் அங்க."

முதல் இலையில் உட்காரவைத்தார். புடவைத் தட்டை அவள் கையில் கொடுத்தார்.

பக்கத்து இலையில் இருந்த சொந்தக்காரர் எட்டிப் பார்த்தார். "நீ சொன்ன பர்மாக்காரப் பிள்ளை இதுதானாப்பா?"

"இல்லைங்க" என்றார் பழனியப்பன். "மணிப்பூரு. மெம்சான்னு பேரு."

குனிந்து, அவள் இலையில் முதல் சோற்றைப் போட்டார்.