செம்பியராயர் வீட்டில் கொட்டிய புகழ்

மேகம் முட்டி நிற்கிற மலைகளுக்கு நடுவில் வெண்கோடு என்று ஒரு நாடு. முன்னொரு காலத்தில் அதைக் குன்றவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், காது குளிர்ந்து, கூடவே புத்தியும் உறைந்துவிடும்.

அந்த வருஷம் மார்கழியில் வானம் பிய்த்துக்கொண்டதுபோலப் பனி கொட்டியது. தலைநகரில் கணுக்கால் அளவுதான். மேலே மலைச்சரிவில் இருந்த கரடிப்பாறை என்ற ஊரிலோ கதவின் மேல்நிலையைத் தொட்டுவிட்டது. அந்த ஊர் ஆட்டுக்காரி குருந்தாயி கூரையைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்து, சறுக்கியும் விழுந்தும் எப்படியோ அரண்மனைக்கு வந்து சேர்ந்தாள். தள்ளத் தள்ள மேலே விழுந்துகொண்டே இருக்கிறது, ஆடுகளுக்குத் தழை இல்லை, பாரம் தாங்காமல் உத்திரங்கள் முனகுகின்றன, பனியை வெட்டித் தள்ள ஆள் அனுப்ப வேண்டும் என்று ராஜாவிடம் கேட்டாள்.

ராஜா மந்திரி சாத்தப்பரைப் பார்த்தான். சாத்தப்பர் வாயைத் திறப்பதற்குள் செம்பியராயர் எழுந்துவிட்டார். அவையில் மந்திரிக்கு அடுத்த ஆசனம் அவருடையது. அந்த ஓர் ஆசன தூரம்தான் அவர் வயிற்றெரிச்சலுக்கெல்லாம் காரணம்.

"மகாராஜா, புகழின் நிறம் வெள்ளை என்று புலவர்கள் பாடுகிறார்கள். தங்கள் புகழ் வானம் வரை போய், அங்கே இடம் பற்றாமல் மலைமேல் இறங்கியிருக்கிறது. அதைப் போய்ப் பனி என்கிறாள் இவள். மண்வெட்டியால் வெட்ட வேறு வேண்டுமாம்."

ராஜா பூரித்துப்போனான். கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றி ராயருக்குப் போட்டான். மண்வெட்டியால் அந்த வெள்ளையைத் தொடுகிறவன் ராஜாவின் புகழை வெட்டியவன், அவனுக்குச் சிறை என்று அப்போதே பறை அறையச் சொன்னான்.

சாத்தப்பர் குருந்தாயியை வெளியே அழைத்துப் போய், உத்திரங்களுக்கு முட்டுக் கொடுத்து வையுங்கள், நாளைக்குள் வழி செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். சொன்னாரே தவிர, என்ன வழி என்று அவருக்கே தெரியாது. வீட்டில் கணப்பின் முன்னால் உட்கார்ந்து யோசித்தார். பனி பனிதான் என்று அவர் சொன்னால், ராஜாவை முட்டாள் என்று சொன்னதாக ஆகும். பனி என்பதைச் செம்பியராயர் வாய்தான் சொல்ல வேண்டும். அதை நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் அவை கூடியதும் முதல் ஆளாக எழுந்து ராயரைப் பாராட்டினார்.

"மகாராஜா, இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டு சொன்னவருக்கு ஒரு முத்துமாலை போதுமா? அருமை தெரியாத ஆட்டுக்காரர்களிடம் புகழ் வீணாகக் கிடப்பானேன்? முழுவதையும் இவருக்கே சன்மானமாகக் கொடுத்துவிடுங்கள். மண்வெட்டி வேண்டாம். நம் வீரர்கள் பலகையில் மரியாதையாக ஏந்தி, மேளதாளத்தோடு இவர் மாளிகையில் சேர்க்கட்டும்."

ராஜா, ஆகா, அப்படியே ஆகட்டும் என்றான். ராயர் வாயைத் திறந்தார். வேண்டாம் என்றால் ராஜாவின் புகழையே வேண்டாம் என்றதாகிவிடுமே. மூடிக்கொண்டார்.

படை மலையேறியது. கூரை, தெரு, ஆட்டுப்பட்டி என்று ஓர் இடம் விடாமல் வழித்தெடுத்துப் பலகை பலகையாகக் கீழே இறக்கியது. குருந்தாயி முன்னால் நின்று, "சாமி, அந்தப் பட்டிக்குப் பின்னால கொஞ்சம் புகழ் மிச்சம் கிடக்கு" என்று கை காட்டிக்கொண்டிருந்தாள்.

ராயர் வீட்டு முற்றம் நிறைந்தது, தோட்டம் நிறைந்தது, படிக்கட்டு மறைந்து வாசற்கதவு திறக்காமல் போயிற்று. வேலைக்காரர்களுக்கோ மண்வெட்டியைத் தொடப் பயம். அடுப்பு விறகெல்லாம் நனைந்துவிட்டது. ராயரின் மனைவி, உங்கள் நாக்கு இழுத்துவந்ததை உங்கள் நாக்கே கொண்டுபோய் விடட்டும் என்று சொல்லிப் போர்வைக்குள் போய்விட்டாள். கடைசியில் ராயர் மாடி ஜன்னல் வழியாக இறங்கி, சறுக்கி, ஈரத் தலைப்பாகையோடு அவைக்கு வந்து நின்றார்.

"மகாராஜா, வாசலில் கிடப்பதை அகற்ற உத்தரவு வேண்டும்."

"எதை?" என்றான் ராஜா.

சாத்தப்பர் மேல்விதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பனியை, மகாராஜா. அது பனிதான்."

ராஜாவின் முகம் சிவந்து, பிறகு மெல்லத் தொங்கிப்போயிற்று. கரடிப்பாறையில் கூரை ஏதாவது விழுந்ததா என்று தாழ்ந்த குரலில் கேட்டான். சில கூரைகள் விழுந்தன, ஆட்கள் தப்பினார்கள், ஆடுகள் சில போய்விட்டன என்றார் சாத்தப்பர்.

"உமக்கு முதலிலேயே தெரியும். ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா, மகாராஜா?"

ராஜா தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்துச் சாத்தப்பருக்குப் போர்த்தி, என்ன வேண்டும் என்று கேட்டான். இனிமேல் பனிக்காலம் தொடங்கும்போதே மலை ஊர்களுக்குத் தழையும் விறகும், பனியை வெட்டித்தள்ள ஆட்களும் போய்ச் சேர வேண்டும் என்றார் அவர். ராஜா ஒப்புக்கொண்டான். முதலில் போகிற ஆள் செம்பியராயர்தான், சொந்த மண்வெட்டியோடு, என்றும் சேர்த்துச் சொன்னான்.

பிறகு ராஜாவே சாத்தப்பரை அழைத்துக்கொண்டு மலையேறிப் பார்க்கக் கிளம்பினான். குளிருக்குக் கம்பளியைக் காது வரை சுற்றியிருந்தான். கரடிப்பாறையில் குருந்தாயியின் புருஷன் விழுந்த உத்திரத்தைத் தூக்க ஆள் தேடிக்கொண்டிருந்தான். ராஜாவை அவன் கண்டதே இல்லை. சும்மா நிற்காமல் அந்த முனையைப் பிடி என்று ராஜாவிடம் சொன்னான். சாத்தப்பருக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் ராஜா குனிந்து பிடித்தான், தம் கட்டித் தூக்கினான், உத்திரம் சுவரில் உட்கார்ந்தது.

"நல்லாத் தூக்குறியே, தம்பி. சாயங்காலம் வரைக்கும் இருப்பியா? இன்னொரு கூரை கிடக்கு" என்றான் அந்த மனிதன்.

ராஜா இருந்தான். இறங்கி வரும்போது உள்ளங்கையெல்லாம் சிராய்ப்பு. கோட்டைவாசல் தெரிந்ததும் மெதுவாகக் கேட்டான்.

"சாத்தப்பரே, நான் நன்றாகத் தூக்குகிறேன் என்று அவன் சொன்னானே, கேட்டீரா?"

"கேட்டேன், மகாராஜா."

"நாளை அவையில் யாரிடமாவது சொல்லி வையும்."

சாத்தப்பர் சொன்னார். கேட்டவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். அப்படியே கைமாறி என்னிடம் வந்தது. உங்களிடம் சேர்த்துவிட்டேன்.